புதுப்பிப்பு: பழைய இன்ஜினில் டர்போ, வண்டி ஓடுகிறது

டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாமல் வந்த பழைய 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் சின்ன டர்போ ஒன்றை மாட்டப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். மாட்டியாயிற்று.

பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தை, 0.4 பாரிலேயே நிறுத்தியிருக்கிறேன். கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை நசுக்கப்படும் விகிதம்) 9.5:1, பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கம்பெனி போட்டவை. ஆசைப்பட்டு ஏற்றினால் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது) வந்து பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும். டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருந்தும், பூஸ்ட் ஏறும் இடத்தில் ஸ்பார்க் வரும் நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் பின்தள்ள வேண்டியிருந்தது. பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களையும் பெரியவையாக மாற்றினேன். சாதாரண ஓட்டத்தில் காற்று–பெட்ரோல் விகிதம் 14.7 அருகே, பூஸ்ட்டில் 11.5 முதல் 12 வரை. இந்த விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பது என் கட்சி.

டர்போ போட்டால் ஆயில் கசிந்து புகை வராதா என்று பலர் கேட்டார்கள்: டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகிறது, திரும்பி வருவது வெறும் புவியீர்ப்பால்தான். அங்கே தேங்கினால் சீலைத் தாண்டிக் கசிந்து, எரிந்து நீலப் புகையாக வரும். அதனால் ரிட்டர்ன் குழாயை அகலமாக, மேடு பள்ளமின்றி, சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) ஆயில் மட்டத்துக்கு மேலே இறக்கினேன். நீலப் புகை துளியும் இல்லை.

கீழ் ஆர்பிஎம்மில் பழைய மந்தம் அப்படியேதான். 2,500-ஐத் தாண்டினால் வேறு வண்டி! கிளட்ச் மட்டும் நழுவ ஆரம்பித்திருக்கிறது. அடுத்த வேலை அதுதான்.