சூறாவளி வருமுன் கிளம்ப வேண்டுமா?

கேள்வி: கடலோரத் தாழ்நிலத்தில் வசிக்கிறோம். ஹரிக்கேன் எனப்படும் இந்தச் சூறாவளி, ஐந்து வகைகளில் இரண்டாம் வகையாகத்தான் கரையைக் கடக்கும் என்கிறார்கள். வீடு உறுதியானது என்பதால், நடக்கச் சிரமப்படும் மாமியாருடன் இங்கேயே இருந்துவிடலாமா?

பதில் 1: வேண்டாம். வகை எண் காற்றின் வேகத்தை மட்டுமே குறிக்கிறது; கடல்நீர் எவ்வளவு உயரத்துக்கு உள்ளே புகும் என்பதை அது சொல்வதில்லை. உயிர்களைப் பெரும்பாலும் பறிப்பது நீர்தான் என்பதால், வெளியேறும் உத்தரவு வந்துவிட்டால் சுவரின் உறுதியை நம்பி இருக்காதீர்கள்.

பதில் 2: முதியவர் உடனிருக்கையில் உத்தரவுக்குக் காத்திராமல் பகலிலேயே, எரிபொருளை முழுவதும் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள், சாலையில் 30 சென்டிமீட்டர் ஓடும் நீரே காரை இழுத்துச் சென்றுவிடக்கூடும். மாத்திரைகளோடு மருந்துச்சீட்டையும் நனையாத உறையில் வையுங்கள், பலரும் அதைத்தான் மறக்கிறார்கள்.

கேட்டவர்: மாமியாரின் ஆக்சிஜன் கருவிக்கு மின்சாரம்?

பதில் 1: மின்வசதியுள்ள மருத்துவ முகாமில் இன்றே பதிவு செய்யுங்கள். ஜெனரேட்டரை ஒருபோதும் வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.