அம்பேத்கர் நினைவிடம்: சிலைக்கு முன் நிலமும் பணமும்

அனைவருக்கும் வணக்கம்.

நம்மூரில் அம்பேத்கருக்கு நினைவிடம் அமைப்பது பற்றி, வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களிடமிருந்து வந்த மடல்கள் எல்லாம் சிலை எத்தனை அடி என்பதிலேயே சுற்றுகின்றன. அடிக்கணக்கு பிறகு. இந்த மாதிரி வேலை பாதியில் நிற்பது நிலத்திலும் பணம் வரும் வழியிலும்தான்.

பஸ் ஸ்டாப் முக்கில் வைக்க வேண்டும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். கிடைக்காது. சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரி 18-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக வைத்தால் விடிந்ததும் தாசில்தாரும் போலீசும் வந்து எடுத்துப் போவார்கள். வழக்கு விழுவது ஊரில் இருக்கும் பையன்கள் மேல். வெளிநாட்டில் இருக்கும் நம் மேல் அல்ல.

ஆகவே பட்டா நிலம். நத்தம் (குடியிருப்பு மனை) என்று வாய்மொழியாகச் சொல்லும் இடம் அ பதிவேட்டில் (வருவாய்த்துறையின் ஊர் நிலக் கணக்கு) வண்டிப்பாதை என்றோ களம் புறம்போக்கு என்றோ இருக்கலாம். வில்லங்கச் சான்று, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), அ பதிவேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் முன்பணம் கொடுங்கள். பத்திரம் நம் ஊர்ச் சங்கத்தின் பெயரில். தனி ஆள் பெயரில் எழுதினால் அவருக்குப் பிறகு வாரிசுகளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பட்டா இடமே ஆனாலும் கலெக்டருக்கு மனு கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே சிற்பிக்கு அட்வான்ஸ்.

பணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயில் இருந்தாலும் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியே சங்கத்துக்கு அனுப்பலாம். வேற்று நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அதற்கு சங்கம் 3 வருடமாவது இயங்கி, அந்த 3 வருடத்தில் 15 லட்சமாவது தன் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். நமக்கு அது இல்லை. குறிப்பிட்ட ஒரு வேலைக்காக மட்டும் முன் அனுமதி கேட்கும் வழி உண்டு, ஆனால் இழுக்கும். மச்சான் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து சங்கத்துக்கு மாற்றும் யோசனை வேண்டவே வேண்டாம்.

இனி சிலை. நாடாளுமன்ற வளாகத்தில் 1967-ல் வைத்த சிலையைப் போல வலது கை நீட்டி, இடது கையில் அரசியல் சட்டத்தோடு முழு உருவம் வேண்டும் என்பது பலருடைய ஆசை. சிமெண்டில் அதைச் செய்தால் முதலில் போவது அந்தக் கைதான். பாரம் முழுக்கத் தோள்பட்டையில் இறங்கும். அங்கே மயிரிழை விரிசல் விட்டு மழைத்தண்ணீர் உள்ளே போகும். கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பினால் மேல்பூச்சு பெயர்ந்து விழும். நீல பெயிண்ட் அடிக்க அடிக்க விரிசல் மறையுமே தவிர துரு நிற்காது. ஃபைபர் மலிவு, ஆனால் வெயிலில் வெளிறும், ஒரு கல்லடிக்கும் தாங்காது. அப்புறம் இரும்புக் கூண்டு கேட்பார்கள். கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கரை நம் மாநிலத்தில் போதுமான அளவு பார்த்தாயிற்று.

எங்கள் யோசனை: இரண்டரை அடி வெண்கல மார்பளவுச் சிலை, கூரை போட்ட வாசகசாலை முகப்பில். வார்ப்பு உள்ளே கூடாக, 5 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். அடியில் நீர் வடிய இரண்டு துளை. பீடத்தில் இறக்கும் போல்ட் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஆக இருக்கட்டும், சாதா இரும்பு வேண்டாம். மூக்குக்கண்ணாடியைத் தனியாகச் செய்து ஒட்டினால் முதல் வருடமே காணாமல் போகும். முகத்தோடு சேர்த்தே வார்க்கச் சொல்ல வேண்டும். முகச் சாயலைக் களிமண் மாதிரியிலேயே நேராகவும் இரு பக்கவாட்டிலும் படம் எடுத்து வாங்கிப் பாருங்கள். களிமண்ணிலிருந்து மெழுகு மாதிரிக்குப் போன பிறகு திருத்தம் கஷ்டம், வார்த்த பிறகு இல்லவே இல்லை. (ஊருக்கு ஊர் முகம் மாறுவது இதனால்தான்.)

நம்ம மண் கரிசல். இரண்டடி பள்ளத்தில் பீடம் கட்டினால் கோடையில் வெடித்து மழையில் உப்பி ஒரு பக்கம் சாய்த்துவிடும். 5 அடி தோண்டி, கரிசலை அள்ளிவிட்டு, கிராவல் போட்டு இடித்து, அதன்மேல் கான்கிரீட். கிரானைட் கல்வெட்டில் 14.4.1891, 6.12.1956 இரண்டு தேதியும் போதும். நன்கொடையாளர் பட்டியல் வாசகசாலை உள்சுவரில்; வரிசையைப் பற்றிய சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

குடிநீர்க் குழாய் ஒன்றும் வேண்டும் என்று சிங்கப்பூர் அக்கா எழுதியது நல்ல யோசனை. பீடத்திலிருந்து பத்தடி தள்ளி, வடிகாலோடு.

திறப்பு நாள் ஏப்ரல் 14 என்றால் தமிழ்ப் புத்தாண்டும் அன்றுதான். கோயில் விசேஷத்தைக் காட்டிப் போலீஸ் நேரம் தராது. டிசம்பர் 6 பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாள், கெடுபிடி அதிகம், மழையும் உண்டு. மார்ச் 20 வைப்போம். 1927-ல் மகாராஷ்டிரத்து மகாடில், தலித்துகளுக்கு மறுக்கப்பட்டிருந்த சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்த நாள். அன்றே குழாயையும் திறக்கலாம்.

இப்போதைக்கு யாரும் பணம் அனுப்ப வேண்டாம். உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று மட்டும் ஒரு வரி பதில் போடுங்கள்.

நினைவிடக் குழு