நான்கு நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளமா?

பட்டுப்பிரிவு:
வணக்கம். மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். காலை 9.30 மணிக்குள் கைரேகை பதிவாக வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். போன மாதம் ஒரு நாள் 9.22க்கே வரிசையில் நின்றேன். அறுபது பேருக்கு இருப்பது ஒரே இயந்திரம். நாள் முழுவதும் புடவைகளை விரித்து மடித்து என் விரல் நுனி தேய்ந்துவிட்டதால் மூன்று முறை வைத்த பிறகுதான் ரேகை ஏறியது. பதிவான நேரம் 9.34, பிடித்தம் 200 ரூபாய். அந்த மாதத்தில் மட்டும் இப்படி மூன்று நாள். மேலாளரிடம் முறையிட்டால், "சீக்கிரம் வா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மகளின் பள்ளிக் கூட்டத்துக்குப் போக ஒரு மணி நேர அனுமதி கேட்டாலும் அரை நாள் விடுப்புதான். இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் உண்டா?

கணக்கர்:
இடமில்லை, சகோதரி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி, எவ்வளவு நேரம் வேலைக்கு வரவில்லையோ அந்த நேரத்துக்குரிய கூலியை மட்டுமே பிடிக்கலாம். உங்கள் ஒரு நாள் சம்பளம் 400 ரூபாய். எட்டு மணி நேரக் கணக்கில் மணிக்கு 50 ரூபாய். நான்கு நிமிடத்துக்கு 3 ரூபாய் 33 காசு வரும். மிச்சத்தை அபராதம் என்று சொல்வார்களானால், அபராதம் விதிக்கும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு மாத அபராதம் மொத்தமும் அந்த மாதச் சம்பளத்தில் 3 விழுக்காட்டை, அதாவது 360 ரூபாயைத் தாண்டக் கூடாது. உங்களிடம் பிடித்தது 600. அது போகட்டும், இரவு எத்தனை மணிக்கு வெளியே விடுகிறார்கள்?

பட்டுப்பிரிவு:
ஒன்பது மணிக்கு. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் உண்டு.

கணக்கர்:
அப்படியானால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. உங்கள் வேலை நேரம் பத்தரை மணி நேரம். 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம்தான் என்கிறது; மிகுதி நேரத்தைச் சேர்த்தாலும் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; அந்த மிகுதி நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இரண்டரை மணி நேரத்தை நூறு ரூபாயால் பெருக்கிப் பாருங்கள். மாதத்தில் மூன்று நாள் போன 200 ரூபாய் உங்கள் கண்ணை உறுத்துகிறது. நாள்தோறும் போகும் 250 ரூபாயை நீங்கள் பொருட்படுத்தவே இல்லை. எத்தனையோ கடைகளில் இதுதான் நிலைமை, ஏனென்றால் இரவு ஒன்பது மணி என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே பழகிப்போய்விடுகிறது.

பழைய மேற்பார்வையாளர்:
நான் பதினோரு ஆண்டுகள் இப்படிப்பட்ட கடையில் மேற்பார்வையாளராக இருந்தவன்; பிடித்தப் பட்டியலில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கணக்கர் சொல்லும் சட்டம் சரிதான், ஆனால் கடைக்குள் சட்டம் எப்படி வரும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். விற்பனையாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021 இல் திருத்தம் வந்ததும் எங்கள் தளத்தில் மேசைக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஒரு வாரத்தில் அதன்மேல் பிரிக்காத புடவைக் கட்டுகள் ஏறிவிட்டன. ஆய்வாளர் வரும் அன்று மட்டும் இறங்கும். ஆகவே தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். வேலையை விட்டு நீக்க மாட்டார்கள், கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள், விற்பனை ஊக்கத்தொகை அதோடு போயிற்று. ஆத்திரத்தில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு நாள் வராமல் இருந்துவிடவும் வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து முன்னறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் வராமல் போனால், வேலை ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கும் பட்சத்தில், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்று கணக்கர் சொன்ன அதே ஊதியத் தொகுப்புச் சட்டம் சொல்கிறது. பலர் கையெழுத்திட்ட ஒரே மனுவாகத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுப்பதே நல்லது.

பட்டுப்பிரிவு:
மிக்க நன்றி. எங்களுக்குச் சம்பளச் சீட்டே தருவதில்லை. வங்கிக் கணக்கில் தொகை மட்டும் வரும். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் மகளின் பழைய கணக்கு நோட்டில் நேற்று முதல் எழுதி வைக்கிறேன். நானே எழுதியதை யாராவது ஏற்பார்களா?

கணக்கர்:
தாராளமாக எழுதுங்கள். சம்பளப் பாக்கி குறித்து மனு வந்தால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது, உங்களுடையது அல்ல. பதிவேடு வைப்பதும் சம்பளச் சீட்டு தருவதும் அவர்கள் கடமை. இரண்டும் இல்லாவிட்டால் உங்கள் நோட்டின் பேச்சுக்கு வலு கூடும். மனுப் போட மூன்று ஆண்டுகள் அவகாசம் இருப்பதால் அவசரமில்லை. வங்கிக் கணக்கு அறிக்கையை இப்போதே எடுத்து வையுங்கள். உங்களைப் போல ரேகை ஏறாதவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று சாப்பாட்டு நேரத்தில் விசாரித்துப் பாருங்கள்.

பட்டுப்பிரிவு:
விசாரித்தேன். எங்கள் பிரிவில் மட்டும் ஏழு பேர். அதில் இருவர் நோட்டு வாங்கிவிட்டார்கள்.