திறன் வகுப்பறைக் காசில் ஒரு பகுதி நூலகத்துக்கு

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் திறன் வகுப்பறை (கணினித் திரையோடு பாடம் நடத்தும் ஸ்மார்ட் வகுப்பறை) அமைக்க எங்கள் சங்கம் காசு சேர்ப்பது பற்றிப் போன கிழமை வந்த மடல்களை எல்லாம் வாசித்தேன். நல்ல முயற்சி, என் பங்கையும் தருவேன். ஆனால் அதில் ஒரு பகுதியை நூலகத்துக்கும், முக்கியமாக அதைப் பொறுப்பாகப் பார்க்கும் ஓர் ஆளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இங்கே சிட்னியில் மகள் படிக்கிற அரசுப் பள்ளியில் ஆசிரிய நூலகர் இருக்கிறார். ஆசிரியப் பயிற்சியோடு நூலகத்துறையும் படித்தவர். புத்தகம் கொடுத்து வாங்குவது அவர் வேலையில் சின்னப் பகுதிதான். போன தவணை ஐந்தாம் வகுப்புக்கு ஓர் இணையத்தளத்தைக் காட்டியிருக்கிறார். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் ஒன்று அழிந்துவருகிறதாம். படங்கள், வாழிடம், காப்பாற்ற வேண்டுகோள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அத்தனையும் 1998இல் ஒருவர் வேடிக்கைக்காகச் செய்த பொய். 2006இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஓர் ஆய்வுக்காக இதைக் காட்டியபோது, நன்றாக வாசிக்கக்கூடிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே ஏறக்குறைய எல்லோரும் நம்பிவிட்டார்கள். மகளும் நம்பியிருக்கிறாள். அப்புறம் அந்த ரீச்சர், எழுதியவர் யார், இதே விஷயம் வேறெங்கே இருக்கிறது, கலைக்களஞ்சியம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வைத்தாராம். இப்போது நான் வாட்ஸ்அப் செய்தி எதையாவது வாசித்துக் காட்டினால், "யார் சொன்னது அப்பா?" என்று கேட்கிறாள்.

ஊர்ப் பிள்ளைகளின் போனுக்கும் இதே பொய்கள்தான் வருகின்றன. அங்கே இப்படிக் கேட்கப் பழக்குவது யார்? போன வருடம் போனபோது பார்த்தேன், நாங்கள் அனுப்பிய புத்தகங்கள் அலுமாரிக்குள் கட்டு அவிழாமல் இருந்தன. அலுமாரித் திறப்பு (சாவி) அலுவலகத்தில் இருந்தது. பொறுப்பான ரீச்சரைக் குறை சொல்ல முடியாது, நாள் முழுக்க அவருக்குப் பாடம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்து இன்றும் கலங்குகிற நாங்கள், இந்தப் பூட்டையும் பெரிதாக எடுக்க வேண்டும்.

"'நூலகம்' என்ற இணையத்தளத்தில் எல்லாம் இருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து இலவசமாகத் தருகிறார்கள், பெரிய தொண்டு. ஆனால் தரம் 6 பிள்ளை அங்கே போய் எதைத் தேடும்? "அந்தக் கதை பிடித்ததா, அப்படியென்றால் இதையும் எடு" என்று சொல்ல, அந்தப் பிள்ளையைத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1999இல் உருவான தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவனம் ஆசிரிய நூலகர்களுக்குப் பயிற்சி தருகிறது. விருப்பமுள்ள இளம் ஆசிரியர் ஒருவரை அதிபர் தெரிவு செய்தால், படிப்புச் செலவைச் சங்கம் ஏற்கலாம். அதுவரை, உயர்தரம் முடித்த ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு மாதக் கொடுப்பனவு கொடுத்து, இடைவேளையிலும் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரமும் நூலகத்தைத் திறந்து வைக்கலாம்.

இதை அடுத்த கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி செயலாளர் அண்ணாவைக் கேட்டுக்கொள்கிறேன். கனடா, லண்டன் கிளைகளில் ஆசிரியராக இருப்பவர்கள் அதற்கு முன் உங்கள் கருத்தை எழுதுங்கள்.