மெடிகேர் கிளைம் தரவில் நீரிழிவுச் சேர்க்கை பாதியாகக் குறைகிறது, நம்பலாமா?

தேனிப்பொண்ணு:
வணக்கம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சுகாதாரக் கொள்கையில் பிஎச்டி, இரண்டாம் வருடம். ஊரில் பல் மருத்துவம் படித்தவள். சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருளை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். எங்கள் குழுவிடம் மெடிகேர் (பெரும்பாலும் முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) 20 சதவீத மாதிரி, 2010 முதல் 2019 வரை இருக்கிறது. நீரிழிவுச் சிக்கலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை உள்நோயாளி கிளைம் கோப்பிலிருந்து (ஆஸ்பத்திரிகள் பணம் கேட்டு அனுப்பும் பில்கள்) கவுன்டிவாரியாக, அதாவது மாவட்டவாரி மாதிரி, எண்ணி, பயனாளிச் சுருக்கக் கோப்பில் அந்தக் கவுன்டியில் இருக்கும் மொத்தப் பேரால் வகுத்தேன். சில கவுன்டிகளில் விகிதம் பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது! அங்கே என்ன நல்ல திட்டம் நடந்தது என்று தேடச் சொல்கிறார் பேராசிரியர். எனக்கென்னவோ உறுத்துகிறது. 2015 கடைசியில் ஒரு பள்ளம் வேறு. எங்கே சறுக்கினேன்?

கணக்குப்பிள்ளை:
பள்ளத்துக்கு மட்டும் பதில். 2015 அக்டோபர் 1 முதல் நோய்களுக்குக் கோடு தரும் ஐசிடி-9 பட்டியல் போய் ஐசிடி-10 வந்தது. 250 என்று தொடங்கிய நீரிழிவுக் கோடெல்லாம் இ08 முதல் இ13 வரை ஆகிவிட்டன. கோப்பில் கோடுகளுக்கு நடுவே புள்ளி இருக்காது. உங்கள் பட்டியலில் புள்ளி வைத்திருந்தால் ஒன்றுகூடப் பொருந்தாது, சாஸும் வாயைத் திறக்காது.

பழைய சாஸ்காரி:
தங்கச்சி, உறுத்தல் சரியான இடத்தில்தான் இருக்கிறது. பள்ளத்தை விடு, பெரிய சரிவுக்கு வா. நீ எதால் வகுத்தாய் என்று பார். சுருக்கக் கோப்பில் மெடிகேர்காரர் எல்லோரும் உண்டு. கிளைம் கோப்பில் எல்லோரும் கிடையாது. ஒருவர் மெடிகேர் அட்வான்டேஜுக்கு, அதாவது தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேருக்கு, மாறிவிட்டால், தலைக்கு இவ்வளவு என்று அரசு அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாதாமாதம் கொடுத்துவிடுகிறது. அப்புறம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் நிறுவனத்துக்குப் போகும், நம் கோப்புக்கு வராது. பகுதியில் (கீழே) அவர் இருக்கிறார், தொகுதியில் (மேலே) இல்லை. வகுத்தால் விகிதம் குறையத்தானே செய்யும்?

2010-இல் மெடிகேர்காரர்களில் நாலில் ஒருவர்தான் அட்வான்டேஜில் இருந்தார். 2019-இல் மூன்றில் ஒருவருக்கு மேல். 2023-இல் பாதியைத் தாண்டிவிட்டது. எல்லா இடத்திலும் ஒரே வேகமில்லை. அலாஸ்காவிலும் வயோமிங்கிலும் அட்வான்டேஜ்காரர்கள் சொற்பம். கவுன்டிவாரி எண்ணிக்கையை மெடிகேர் அலுவலகமே மாதாமாதம் வெளியிடுகிறது. அதை உன் 'பாதியான' கவுன்டிகளோடு ஒருமுறை ஒட்டிப் பார், திட்டம் தேடும் வேலை மிச்சமாகலாம்.

திருத்துவது எப்படி? சுருக்கக் கோப்பில் 12 மாதத்துக்கும் தனித்தனியாக, அட்வான்டேஜில் இருந்தாரா என்று காட்டும் எச்எம்ஓ குறியீடு உண்டு, மெடிகேரின் ஏ (ஆஸ்பத்திரி), பி (டாக்டர் செலவு) பிரிவுகளில் சேர்ந்திருந்தாரா என்ற குறியீடும் உண்டு. ஏ, பி இரண்டும் இருந்து அட்வான்டேஜில் இல்லாத மாதங்களை மட்டும் எல்லோருக்கும் கூட்டி, அந்த மொத்த ஆள்-மாதத்தால் வகு. தொகுதியிலும் அந்த மாதங்களில் நடந்த சேர்க்கையை மட்டும் எடு. வருடம் முழுக்க இருந்தவர்கள் மட்டும் என்று வடிகட்டிவிடாதே. அந்த வருடம் இறந்தவர்கள் எல்லாம் கழன்றுவிடுவார்கள். சர்க்கரை முற்றிப் போனவர்களை விட்டுவிட்டு என்ன நீரிழிவு ஆய்வு?

நான் சறுக்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'புதிதாக நீரிழிவு வந்தவர்கள்' என்று ஒரு கணக்குப் போட்டேன். முந்தின 12 மாதத்தில் நீரிழிவுக் கிளைம் இல்லையென்றால் புது நோயாளி. 65 வயதில் வரைபடக் கோடு செங்குத்தாக ஏறி நின்றது. ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள்: ஓய்வு பெறுகிறார்கள், நடை குறைகிறது, சாப்பாடு கூடுகிறது. எங்கள் தலைவர் படத்தை ஸ்லைடில் போட்டுக் கருத்தரங்குக்கே கொண்டுபோய்விட்டார். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "65-இல்தானே மெடிகேரில் சேர்கிறார்கள்? 64-இல் கிளைம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் விழுங்கியவரையெல்லாம் புது நோயாளி ஆக்கியிருந்தேன். அன்று நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. அதற்கப்புறம் அந்த மாதிரிக் கணக்கை 67-லிருந்துதான் தொடங்குகிறேன்.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொன்னதோடு ஒன்று. உள்நோயாளி கோப்பை விட்டு, சேர்க்கைவாரியாகச் சுருக்கிய கோப்பான மெட்பாருக்குத் தாவினால் அங்கே வேறு வில்லங்கம். போதனா மருத்துவமனைகளும், ஏழை நோயாளிகள் அதிகம் வருவதற்காகக் கூடுதல் பணம் பெறும் மருத்துவமனைகளும் அட்வான்டேஜ்காரர்களின் சேர்க்கையையும் தகவலுக்காக அனுப்ப வேண்டும். அதனால் மெட்பாரில் அவர்களில் சிலர் இருப்பார்கள், சிலர் இருக்கமாட்டார்கள். குறியீட்டைப் பார்த்து நீக்கிவிடுங்கள். சந்தேகம் வந்தால் மெடிகேர் தரவு ஆய்வாளர்களுக்கு உதவ மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரெஸ்டாக் மையத்துக்கு எழுதுங்கள், உதவிக்குக் காசு வாங்கமாட்டார்கள்.

தேனிப்பொண்ணு:
அக்கா, ஆள்-மாதமாக மாற்றி ஓட்டினேன். சரிவில் பெரும்பங்கு காணாமல் போய்விட்டது. மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, அதை நம்பலாமா? பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

பழைய சாஸ்காரி:
முதலில் அவரிடம் சொல். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு, பேச்சு தேவைப்படாது. மிச்சத்தை அரைமனதோடு நம்பு. அட்வான்டேஜுக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. ஒரு கவுன்டியில் ஆரோக்கியமானவர்கள் அட்வான்டேஜுக்குக் கிளம்பிப் போய்விட்டால், மிஞ்சியவர்களின் விகிதம் சும்மாவே ஏறும். வயது, முந்தைய நோய்கள், மெடிகெய்டும் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) சேர்த்து வைத்திருக்கிறாரா என்பதையெல்லாம் சரிக்கட்டி ஒருமுறை ஓட்டு. அட்வான்டேஜ்காரர்களின் சந்திப்புத் தரவும் (நிறுவனங்கள் அனுப்பும் சிகிச்சைப் பதிவுகள்) 2015 முதல் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் எல்லா நிறுவனமும் ஒரே ஒழுங்கில் அனுப்புவதில்லை, பிஎச்டி நடுவில் அதில் இறங்காதே.

இன்னொன்று, சின்னக் கவுன்டிகளின் அட்டவணையைப் பேராசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடாதே. ஆள் யாரென்று தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக, 11-க்குக் குறைவான எந்த எண்ணும் வெளியே போகக்கூடாது. மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடிக்கிற மாதிரியும் இருக்கக்கூடாது.

தேனிப்பொண்ணு:
ஐயோ, ஒரு கவுன்டியில் 7 பேர். நல்லவேளை, இன்னும் சர்வரிலேயேதான் இருக்கிறது. பக்கத்துக் கவுன்டியோடு சேர்த்துவிடுகிறேன். வியாழக்கிழமை சந்திப்பு, முடிந்ததும் வந்து சொல்கிறேன்.