கழுவிய காசு, தேய்த்த காசு: உங்கள் கையில் சிக்கியதைச் சொல்லுங்கள்

காலணா பிரியன்:
1862 விக்டோரியா வெள்ளி ரூபாய். நாணயக் கண்காட்சியில் ஒரு மேசையில் இருந்தது, அட்டையில் யுஎன்சி, அதாவது கைபடாத புழங்காத காசு என்று எழுதியிருந்தார்கள். எடுத்து மேசை விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்துத் திருப்பினேன். புழங்காத காசு என்றால் திருப்பத் திருப்ப ஒளி பட்டையாகச் சுற்றி வருமே, அது வரவில்லை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே வெள்ளை. லென்ஸில் பார்த்தால் ராணியின் கன்னத்திலும் பின்னால் உள்ள வெற்றிடத்திலும் மயிரிழைக் கோடுகள், எல்லாம் ஒரே பக்கம் ஓடுகின்றன. எழுத்துகளின் இடுக்கில் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது, பாலிஷ் பசைதான். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், பேத்திக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே கேட்ட விலையை எண்ணிக் கொடுத்து வாங்கிப் போனார். கடைக்காரர் எதிரிலேயே அவரிடம் சொல்வது முறையா? இன்றுவரை எனக்கு விடை இல்லை.

வெள்ளி ரூபாய்:
முறைதான் சார். நான் ஒரு முறை சொன்னேன். 1918 ஜார்ஜ் ரூபாய், காலேஜ் பையன் ஒருவன் வாங்கப் போனான். ராஜாவின் அங்கியில் சங்கிலியில் தொங்கும் யானை தெரியும் அல்லவா, 1911-இல் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு வந்து 1912-இல் திருத்தினார்களே, அதே யானை. அந்தக் காசில் யானை தேய்ந்து வெறும் மேடாகத்தான் இருந்தது, கிரீடத்தின் வேலைப்பாடும் போய்விட்டது. ஆனால் காசு கண்ணாடியாக மின்னுகிறது! யானை தேயும் அளவுக்குக் கை மாறிய காசில் அந்த மினுக்கு எங்கிருந்து வரும்? "தம்பி, யானையைப் பார்" என்று மட்டும்தான் சொன்னேன். அவன் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான், முகமே மாறிவிட்டது. கடைக்காரர் என்னைத் திட்டினார், திட்டட்டும்.

அச்சுக்கூடம்:
முதல் பதிவில் கோடுகள் என்று சொன்னதில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும், ஏனென்றால் கோடு தெரிந்தாலே கழுவியது என்று பேசும் பழக்கம் பரவிவிட்டது. என் கண் எதிரிலேயே ஒருவர் அருமையான 1919 ரூபாயை, கோடு இருக்கிறது என்று தள்ளிவிட்டுப் போனார். வாங்கிப் பார்த்தேன், கோடுகள் எல்லாம் மேலே எழும்பி நிற்கின்றன. அக்கசாலையில், அதாவது காசடிக்கும் இடத்தில், அச்சைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அப்போது அச்சில் பள்ளமாக விழும் கீறல், காசில் மேடாகத்தான் வரும். அச்சில் வெற்றிடப் பகுதிதான் உயர்ந்த தளம், தேய்ப்பு அங்கேதான் படும். அதனால் இந்தக் கோடு தலை உருவத்தின் ஓரம் வரை வந்து நின்றுவிடும், மேலே ஏறாது. துணியோ பிரஷ்ஷோ போட்டுத் தேய்த்த கோடு பள்ளமாக இருக்கும், வெற்றிடத்தில் தொடங்கிக் கன்னத்தின் மேலும் ஏறிப் போகும். காலணா சார் கன்னத்தில் பார்த்தேன் என்று சொல்வதால் அவர் பார்த்தது சரி. ஆனால் 10 மடங்கு லென்ஸும் ஒற்றை விளக்கும் இல்லாமல் யாரும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் கோடே தெரியாது. புகைப்படத்தை வைத்துச் சொல்வதும் வேண்டாம், அதில் கோடு மேடா பள்ளமா என்று பல நேரம் பிரித்தறிய முடியாது.

செம்பு சேகரிப்பு:
நீங்கள் எல்லோரும் வெள்ளியையே பேசுகிறீர்கள், செம்பில்தான் கொடுமை அதிகம். 1835 கம்பெனி காலணா ஒன்று தபாலில் வாங்கினேன். படத்தில் நல்ல சாக்லேட் நிறம். கவரைப் பிரித்ததும் குப்பென்று ஷூ பாலிஷ் வாசனை! வெள்ளை டிஷ்யூவில் லேசாக ஒற்றினேன், பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் இளஞ்சிவப்புச் செம்பு. புளியோ அமிலமோ போட்டு உரித்துவிட்டு, வெளுப்பு தெரியாமல் இருக்க மேலே பூசியிருக்கிறார்கள். கழுவாத பழைய செம்பு அப்படி இளஞ்சிவப்பாக இருக்காது. அச்சடித்த சிவப்பு தப்பியிருந்தால் எழுத்துகளின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும், அதில் மினுமினுப்பும் இருக்கும். பணம் திரும்பி வந்தது, ஆனால் அந்தக் காசை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அத்தனை வருஷத்து நிறம், இனி வராது. காசைத் தொடவே தொடாதீர்கள், தண்ணீரில்கூட.

ஆற்றுமணல்:
அக்கா, கடைசி வரியை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைக்கும் சேரர் செப்புக்காசைச் சுத்தம் செய்யாமல் என்னவென்று படிப்பது? வில்லும் அம்பும் களிம்புக்குள்ளே புதைந்து கிடக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியது எதற்காக? இயந்திரத்தில் அடித்த காசுக்கு உள்ள சட்டம் மண்ணில் கிடந்த காசுக்குப் பொருந்தாது. ஒரு சின்னக் காசில் பச்சைக்கு அடியிலிருந்து யானையின் தும்பிக்கை மெல்ல மெல்ல வெளியே வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், இப்போது நினைத்தாலும் சிலிர்க்கும்.

அப்புறம், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் வெள்ளிக் காசை வருஷக்கணக்கில் போட்டு வைத்திருந்தால் பச்சையாகப் பிசுபிசுப்பு வரும், அது அந்த உறையில் உள்ள பிவிசி பிளாஸ்டிக்கின் வேலை. அதை விட்டுவைத்தால் உலோகத்தையே அரிக்கும். சுத்தமான அசிட்டோனில் ஊற வைத்து எடுங்கள், தேய்க்காதீர்கள், துடைக்காதீர்கள், தானாக உலரட்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணம் மட்டும்தான், பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்துவிடலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, ஊதுவத்தி எதுவும் அருகில் இருக்கக் கூடாது, சட்டென்று பற்றும். அசிட்டோன் பிசுக்கைத்தான் கரைக்கும், வெள்ளியைத் தொடாது, ஆகவே அதைக் கழுவிய காசோடு சேர்க்காதீர்கள். பேக்கிங் சோடாவும் அலுமினியத் தாளும் போட்டுக் கறுப்பை எடுக்கும் வீடியோக்களைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

செம்பு சேகரிப்பு:
நான் சொன்னது அச்சடித்த காசைத் தம்பி. மண்ணுக்கடியில் கிடந்ததைப் பற்றிப் பேசவே இல்லை.

ஓர மேசை:
நான் விற்பவன், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். என்னிடம் 1907 எட்வர்ட் ரூபாய் ஒன்று இருந்தது, பழைய அட்டைப் பெட்டியில் கிடந்து ஓரத்தில் நீலமும் நடுவே பொன்னிறமும் ஏறியது. காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வருஷக்கணக்கில் வரும் நிறம் அது. ஒரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டு, கறுத்த காசு வேண்டாம், வெளுத்துக் கொடுங்கள் என்றார். டிப் என்கிற வெளுக்கும் திரவத்தில் முக்கி எடுக்கச் சில நொடி போதும். ஆனால் அந்தத் திரவம் கறுப்போடு வெள்ளியின் மேல்தோலையும் கரைத்துக்கொண்டு போகும், ஒளிப்பட்டை சுற்றுவதற்குக் காரணமான நுண்ணிய வரிகள் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. அளவு மீறினால் காசு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். காசுக்குத் தரம் போடும் நிறுவனங்களான என்ஜிசி, பிசிஜிஎஸ் இரண்டிலும் அப்படிப்பட்ட காசுக்குத் தர எண் கிடைக்காது, குறையுள்ள காசு என்ற பொருளில் டீடெயில்ஸ் என்று போட்டு அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், அடுத்த மேசைக்குப் போய் அதே வருஷத்துக் காசை வெளேரென்று வெளுத்ததாகப் பார்த்து வாங்கிக்கொண்டார். நான் கழுவிய காசு வந்தால் அட்டையிலேயே கழுவியது என்று எழுதித்தான் வைக்கிறேன். எழுதாத மேசையில் கேட்டு வாங்குங்கள், பதில் சொல்லத் தயங்கினால் காசை வைத்துவிட்டு நகருங்கள்.