வித்த வண்டி பக்கத்து லேன்ல வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?

மரக்குமிழ்:
போன வாரம் சிக்னல்ல நிக்கிறேன், பக்கத்து லேன்ல என் பழைய மியாட்டா. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, 1.6, ஹெட்லைட் மேல எழும்பி வர்ற மாடல். பெயின்ட் மாறியிருக்கு, வீல் மாறியிருக்கு, நம்பரும் வேற. ஆனா டாப் திறந்திருந்துச்சு. உள்ள கியர் லீவர் மேல நான் கடைசல் பட்டறையில குடுத்துச் செஞ்ச மரக் குமிழ். அது மேல கியர் கோடுகள நானே ஆணியால கீறினேன், ரிவர்ஸ் கோடு கோணிக்கிட்டுப் போயிருக்கும். அதே கோணல் அப்படியே இருக்கு.

ஓட்டிட்டு வந்தது ஒரு சின்னப் பொண்ணு. நியூட்ரல்ல போட்டுட்டு உள்ளங்கையால அந்தக் குமிழத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா. நானும் சிக்னல்ல அதையேதான் பண்ணுவேன். கண்ணாடிய இறக்கி ஏதாவது சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. என்னன்னு சொல்றது, அது என் வண்டின்னா? அவ வண்டி அது. பச்சை விழுந்ததும் ஃபர்ஸ்ட், செகண்ட், துளி உதறல் இல்லாம மாத்திட்டுப் போயிட்டா.

அன்னைலேர்ந்து வித்த வண்டி எல்லாம் வரிசையா ஞாபகத்துக்கு வந்து தொலைக்குது. உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருக்கும்ல? என்னென்ன வண்டி வச்சிருந்தீங்கங்கிற பட்டியல் வேணாம். ஒரே ஒரு சம்பவம் போடுங்க.

டீசல்புகை:
என்னுது பழைய டீசல் செடான். கம்பெனி பேரு எதுக்கு, விடுங்க. பேப்பர்ல கையெழுத்து எல்லாம் முடிஞ்சுது. எஞ்சின ஆஃப் பண்ணி, சாவிய உருவி, வாங்குறவர் கையில வச்சேன். அவரும் வாங்கிக்கிட்டாரு. எஞ்சின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு!

சாவி அவர் உள்ளங்கையில. வண்டி பாட்டுக்கு டக் டக்னு. ரெண்டு பேரும் சாவியப் பாக்குறோம், பானெட்டப் பாக்குறோம், மறுபடி சாவியப் பாக்குறோம். டீசல்ல ஸ்பார்க்கே கிடையாதே, கரன்ட் போனா நிக்கிறதுக்கு. பம்புல டீசல அடைச்சாத்தான் நிக்கும், அந்தக் காலத்து வண்டி சிலதுல அந்த அடைப்ப வேக்குவம் வச்சுத்தான் பண்ணுவாங்க. எங்கயாவது ஒரு ரப்பர் ஹோஸ் விரிஞ்சா முடிஞ்சுது கதை. எனக்கு முகமே செத்துப் போச்சு, இப்ப பணத்தத் திருப்பிக் கேப்பாருன்னு நினைச்சேன்.

மனுஷன் ஒரு வார்த்தை பேசல. பானெட்டத் தூக்கினாரு, ஓரத்துல இருந்த ஸ்டாப் லீவர கட்டைவிரலால அமுக்கினாரு, நின்னுச்சு. "ஹோஸ் நான் மாத்திக்கிறேன், விடுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பிட்டாரு. இத்தனை வருஷம் வச்சிருந்த வண்டியில அப்படி ஒரு லீவர் இருக்குன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். வண்டி போய்ச் சேர வேண்டிய கைக்குத்தான் போச்சு, அதுல சந்தேகமே இல்ல.

இரண்டுரோட்டர்:
மாஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்டி, அதாவது மூணாவது தலைமுறை. பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்துற ரோட்டரி எஞ்சின். ஹோண்டா எஸ்2000க்கு நேருக்கு நேர் மாத்திக்கிட்டோம், மேல காசு எதுவும் கைமாறல. அவருக்கு டர்போ ஆசை, எனக்கு 9000 வரைக்கும் மூச்சு வாங்காமப் போற அந்த ரெண்டு லிட்டர் மேல ஆசை. "குளிர்ந்திருக்கிற எஞ்சின ஸ்டார்ட் பண்ணி உடனே ஆஃப் பண்ணிடாதீங்க, பெட்ரோல் தேங்கி அடுத்து பிடிக்காது"ன்னு நான் அவருக்குச் சொன்னேன். "6000க்குக் கீழயே ஓட்டிட்டு பிக்கப் இல்லைன்னு திட்டாதீங்க"ன்னு அவர் எனக்குச் சொன்னாரு. அவ்வளவுதான் பேச்சு.

அவர் முதல்ல கிளம்பினாரு. நான் எஸ்2000ல உட்கார்ந்து அந்த சிவப்பு ஸ்டார்ட் பட்டன் மேல விரல் வச்சிருக்கேன். தெரு முனை திரும்பி மெயின் ரோட்டுல ஏறினவர் மிதிச்சாரு. எஃப்டியில ரெண்டு டர்போ, ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு, 4500 பக்கம் ரெண்டாவது வந்து சேரும். அந்த இடத்துல சத்தம் ஒரு கணம் தயங்கி, அப்புறம் கிழிச்சுக்கிட்டுப் போச்சு. அத்தனை வருஷத்துல என் வண்டி சத்தத்த வெளியில நின்னு நான் கேட்டதே இல்லைன்னு அப்பதான் உறைச்சுது. எப்பவும் உள்ளதானே இருப்பேன்.

எஸ்2000 அருமையான வண்டி, குறையே சொல்ல மாட்டேன். ஆனாலும் கொஞ்ச நாள்ல அவருக்கு போன் போட்டேன், திருப்பி மாத்திக்கலாமான்னு. சிரிச்சாரு, வச்சுட்டாரு.

கணக்குப்பிள்ளை:
இதுல அழ என்ன இருக்கு @இரண்டுரோட்டர்? பெட்ரோலோட ஆயிலும் குடிக்கிற வண்டியக் கொடுத்துட்டு ஹோண்டா எஞ்சின் வாங்கியிருக்கீங்க. லாபம் உங்களுக்குத்தான். நானா இருந்தா அந்த ஆளுக்குப் பூங்கொத்து அனுப்பியிருப்பேன்.

@மரக்குமிழ், குமிழக் கழட்டி வச்சுக்கிட்டு வித்திருக்கணும். ஒரிஜினல் குமிழ் போட்டா விலையும் கூடும்.

இரண்டுரோட்டர்:
கணக்கு, இந்த ஆயில் பேச்ச எத்தனை தடவை கேக்குறது. ரோட்டரி ஆயில் குடிக்கிறது பழுது இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ரோட்டரோட மூணு முனையிலயும் அபெக்ஸ் சீல் இருக்கு, அது ஹவுசிங் சுவர உரசிக்கிட்டே ஓடுது. அதுக்கு உயவு வேணும்ல? அதுக்குத்தான் தனியா ஒரு பம்ப் வச்சு அறைக்குள்ள அளவா ஆயில் விடுறாங்க. அது எரியத்தான் செய்யும். பெட்ரோல் போடும்போது டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கன்னுதான் மேனுவல்லயே இருக்கும். ஆயில் குறையவே இல்லைன்னாத்தான் பயப்படணும், பம்ப் படுத்துருச்சுன்னு அர்த்தம்.

1991ல லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ ஜெயிச்ச மாஸ்டா 787பிக்குள்ள இருந்தது நாலு ரோட்டர். ஒரு ஜப்பான் கம்பெனி அங்க முதல்தடவையா ஜெயிச்சது அந்த வண்டியிலதான். அதுவும் ஆயில எரிச்சுக்கிட்டேதான் ஓடுச்சு.

நீலத்திரை:
என் அப்பாவிடம் சித்ரோயன் டிஎஸ் இருந்தது. அவர் இறந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. ஷெட்டில் வயிறு தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து கிடந்தது. பார்க்கிறவர்கள் டயரில் காற்று இல்லை என்று நினைப்பார்கள். டிஎஸ்ஸில் வழக்கமான ஸ்பிரிங் கிடையாது. உருண்டைகளுக்குள் அடைத்த நைட்ரஜன், அதை அழுத்தும் திரவம், அந்தத் திரவத்துக்கு அழுத்தம் கொடுக்க எஞ்சினோடு சுற்றும் ஒரு பம்ப். எஞ்சின் ஓடாமல் நாளானால் அழுத்தம் இறங்கி வண்டியும் படுத்துவிடும்.

வாங்க வந்தவர் பேட்டரியும் பெட்ரோலும் கையோடு கொண்டுவந்தார். எஞ்சின் பிடித்து ஓடத் தொடங்கியதும் "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி எழுந்தது. யாரும் தூக்காமல், தானாக.

சின்ன வயதில் பள்ளி வாசலில் அப்பா எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி எனக்குக் கதவைத் திறந்துவிடுவார். அவர் எடை இறங்கியதும் வண்டி ஒரு விரல்கடை உயர்ந்து, பிறகு தன் அளவுக்குத் திரும்பும். ஷெட்டில் அது எழுந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "இறங்கிட்டாரு" என்றாள். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. விற்ற பணம் எதற்குச் செலவானது என்றுகூட ஞாபகமில்லை, அந்த ஒரு சொல் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

பானெட்டைத்தொடு:
@நீலத்திரை, பச்சைத் திரவமா சிவப்பா? 1967 வாக்குலதான் பச்சை எல்எச்எம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வேற. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ண ஊத்தினா சீல் எல்லாம் போயிடும். வாங்கினவர் அதைப் பார்த்தாரான்னு தெரிஞ்சா நல்லது.

என் கதை சின்னதுதான். ஒரு வண்டி பாக்கப் போனேன். "இன்னைக்கு இன்னும் எடுக்கவே இல்ல சார்"னாரு. பானெட் மேல கை வச்சேன், சுட்டுது. திரும்பி வந்துட்டேன். அந்த ஆளு முகம் இன்னும் ஞாபகம் இருக்கு.

அதனால பழைய வண்டி வாங்குறவங்களுக்கு நாலு வார்த்தை. சொல்லாமலே போய்ப் பாருங்க, எஞ்சின் குளிர்ந்திருக்கணும். குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போதுதான் புகை, தட்டல், செயின் சத்தம் எல்லாம் வெளிய வரும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2319ன்னா 2019ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. பட்டன் தேயலையேன்னு பழைய டயர நம்பிடாதீங்க, ரப்பர் வயசானா இறுகிடும். எல்லாக் கண்ணாடியிலயும் மூலையில இருக்கிற முத்திரையப் பாருங்க. ஒண்ணு மட்டும் வேற காலத்துதுன்னா அந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. கல்லடிச்சும் மாத்தியிருக்கலாம், ஆனா பதில் சொல்ற விதத்துலயே தெரிஞ்சுடும். ஓடோமீட்டர் கம்மியாக் காட்டுது, கிளட்ச் பெடல் ரப்பர் மொழுக்குன்னு இருக்குன்னா பெடலத்தான் நம்பணும். சாவிய ஆன் பண்ணினதும் ஏர்பேக் லைட், எஞ்சின் லைட் ரெண்டும் எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா யாரோ கை வச்சிருக்காங்க. ஆயில் மூடிக்கு அடியில வெள்ளையா நுரைச்சிருந்தா தண்ணி கலந்திருக்கான்னு பாருங்க, கிட்டத்துலயே ஓட்டுற வண்டியிலயும் குளிர்ல அப்படி வரும், பதறாதீங்க. டைமிங் பெல்ட் மாத்தினேன்னு வாயால சொன்னா ஏத்துக்காதீங்க, பில் கேளுங்க. பல எஞ்சின்ல பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், அப்புறம் ஹெட்ட இறக்க வேண்டியதுதான்.

டீசல்புகை:
ஐயா, இங்க யாரும் வண்டி வாங்கப் போறேன்னு சொல்லவே இல்லையே. அதுலயும் அப்பாவ இழந்தவங்ககிட்ட பச்சையா சிவப்பான்னு கேக்குறீங்க.

நீலத்திரை:
பரவாயில்லை. பச்சைதான். அப்பாவும் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

வண்டுப்பிரியை:
நான் பீட்டில் வித்த கதை. ரெண்டு பேரு பாக்க வந்தாங்க. முதல்ல வந்த பையன் சொன்ன விலைக்கு மேலயே தர்றேன்னான், இறக்கி வேற எஞ்சின் போடப் போறேன்னும் சொன்னான். அடுத்து ஒரு வயசான அம்மா, பேரன் கூட வந்திருந்தாங்க. வண்டியச் சுத்திக்கூடப் பாக்கல. நேரா டிரைவர் சீட்ல ஏறி உட்கார்ந்தாங்க, உட்கார்ந்ததும் வலது கால் பெடல விட்டுட்டு மேல தடுப்புல எதையோ தேடுது. ஷூ நுனி இங்கயும் அங்கயும் தட்டுது. "எங்க அது?"ன்னாங்க.

எனக்கு ஒரு நொடி ஆச்சு புரிய. ஆரம்ப கால பீட்டில்ல பெட்ரோல் முள்ளே கிடையாது, 1961 வாக்குலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வண்டி இருமினா, அங்க இருக்கிற ஒரு லீவரக் கால் விரலால தள்ளி ரிசர்வுக்கு மாத்திக்கணும். அவங்க ஓட்டக் கத்துக்கிட்டது அந்த மாதிரி வண்டியில. என்னுதுல முள் இருக்கே, லீவர் ஏது. "முள் வந்துடுச்சா"ன்னு முகம் சுருங்கிப்போச்சு பாருங்க! அப்புறம் அவங்களே முன்னாடி இருக்கிற டிக்கியத் திறந்து, ஸ்டெப்னியிலேர்ந்து வாஷருக்குப் போற குழாய் இருக்கான்னு பார்த்தாங்க. ஆமாங்க, கண்ணாடிக்குத் தண்ணி பீச்சுறது ஸ்டெப்னி காத்துலதான். அது இருந்ததும் பேரன்கிட்ட "எடுத்துக்கலாம்"னாங்க. அந்தப் பையன் விலைய மறந்தே போனேன்.

கணக்குப்பிள்ளை:
அதுக்காகக் குறைஞ்ச விலைக்கா? பேரன்கிட்டயாவது மீதியக் கேட்டிருக்கலாம். 2 கோடிக்கு மேல செஞ்ச வண்டி அது, 2003 வரைக்கும் மெக்சிகோவுல செஞ்சாங்க. ஒண்ணுல எஞ்சின் மாத்தினா குடிமுழுகிப் போயிடாது.

வண்டுப்பிரியை:
எத்தனை கோடி செஞ்சா என்ன, என்கிட்ட இருந்தது ஒண்ணுதான்.

மரக்குமிழ்:
@கணக்குப்பிள்ளை, நீங்க உங்க கதையப் போடவே இல்லையே.

கணக்குப்பிள்ளை:
எனக்கு ஏதுங்க கதை, வாங்குவேன், விப்பேன். ஒண்ணே ஒண்ணு, ஒரு சாப் 900. சாவி ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருக்கும், ரிவர்ஸ் போட்டாத்தான் உருவ முடியும். அதை வித்து எவ்வளவோ காலமாச்சு. இன்னைக்கும் எந்த வண்டிய நிறுத்தினாலும் கை தானா ரிவர்ஸ்ல போட்டுட்டு, நடுவுல போய்த் துழாவுது. பக்கத்துல இருக்கிற பார்ட்டி என்ன தேடுறீங்கன்னு கேப்பான்.

அது கிடக்கட்டும். @இரண்டுரோட்டர், அந்த எஸ்2000 இன்னும் இருக்கா? ஒரிஜினல் எஞ்சின்தானே? தனியா மெசேஜ் போடுங்க.

இரண்டுரோட்டர்:
இல்ல. ஆர்எக்ஸ்-8க்கு மாத்திட்டேன், அதுவும் ரோட்டரிதான். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், ஆயில் கேன் டிக்கியிலதான் இருக்கு.